புது லேப்டாப்பின் வைஃபை கார்டை மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனாலேயே புது லேப்டாப் வாங்கிய சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரு மாதத்துக்குள் என்னிடம் வந்துவிடுகிறார்கள். "வைஃபை சரியில்லை, கார்டை மாத்திடலாமா?" என்பதுதான் பேச்சு. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

வைஃபை கார்டுன்னா என்ன? அது தனியா ஒரு பொருளா?

பெரும்பாலான லேப்டாப்களில் தனிப் பொருள்தான். 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். ஒரு தபால்தலை அளவு இருக்கும். எம்.2 2230 என்பது அந்த அளவின் பெயர். மதர்போர்டில் ஒரு ஸ்லாட்டில் செருகி, ஒரே ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருப்பார்கள். அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் கிளம்பி, பெரும்பாலும் திரையின் ஓரத்துக்குள் இருக்கும் ஆன்டெனாவுக்குப் போகும். புளூடூத்தும் இதே கார்டில்தான் இருக்கிறது.

என் லேப்டாப்ல எந்த கார்டு இருக்குன்னு திறக்காம எப்படிப் பாக்கறது?

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்தால் பெயர் தெரியும். இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பக்கத்தில் உள்ள எண்ணோடு சேர்த்துக் குறித்து வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அப்புறம் செட்டிங்ஸில் வைஃபை பக்கத்துக்குப் போய், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பிராப்பர்ட்டீஸைப் பாருங்கள். எந்த பேண்டில் (2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா) இருக்கிறீர்கள், லிங்க் ஸ்பீடு, அதாவது கார்டும் ரவுட்டரும் பேசிக்கொள்ளும் வேகம், எவ்வளவு என்று அங்கே இருக்கும். ஏதாவது பெரிய ஃபைலை டவுன்லோடு செய்துகொண்டே பாருங்கள். சும்மா இருக்கும்போது லிங்க் ஸ்பீடு இறங்கிக் காட்டும், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது.

புது லேப்டாப்தானே, அதுல போய் ஏன் மட்டமான கார்டு வைக்கறாங்க?

பிராசசர், ரேம், எஸ்எஸ்டி மூன்றும் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும். வைஃபை கார்டு வராது. அதனால் செலவைக் குறைக்க நினைக்கும்போது கை முதலில் போகிற இடங்களில் இதுவும் ஒன்று. விலை குறைந்த மாடல்களில் ஒரே ஆன்டெனாவில் பேசும் கார்டுகளை இன்னும் பார்க்கிறேன். ஸ்பெக் ஷீட்டில் "1x1" என்று இருந்தால் அந்த வகை. "2x2" என்று இருந்தால் இரண்டு ஆன்டெனா.

கல்யாணப் பந்தியில் ஒருவர் பரிமாறுவதற்கும் இருவர் பரிமாறுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். வாங்குவதற்கு முன் இந்த ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டால், கீழே உள்ளதில் பாதியைப் படிக்க வேண்டியிருக்காது.

நெட் ரொம்ப ஸ்லோ. கார்டை மாத்தினா சரியாயிடுமா?

என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கார்டு காரணமே இல்லை. அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் செலவழித்து ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பை ரவுட்டர் இருக்கும் அறைக்கே எடுத்துப் போய் ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். அதே இடத்தில், அதே நெட்வொர்க்கில், ஓரளவு நல்ல போனிலும் போடுங்கள். முடிந்தால் லேன் கேபிளைச் செருகி மூன்றாவது தடவையும் பாருங்கள்.

கேபிளிலும் அதே வேகம்தான் வருகிறதென்றால் குறை வைஃபையில் இல்லை. உங்கள் பிளான், நெட் கம்பெனியின் லைன், ரவுட்டர் இவற்றில் ஒன்று. கேபிளில் நன்றாக வந்து, போன், லேப்டாப் இரண்டிலும் குறைந்தால் ரவுட்டரின் வைஃபை பக்கம்தான் கோளாறு. கேபிளிலும் போனிலும் நன்றாக வந்து லேப்டாப்பில் மட்டும் குறைந்தால், அப்போது கார்டைச் சந்தேகப்படலாம்.

அப்போதும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அந்த பேண்டில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அடுக்குமாடியில் இருபது வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றில்தான் முட்டிமோதிக்கொண்டு கிடக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலே பலருக்குத் தீர்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், ரவுட்டர் செட்டிங்ஸில் தனித்தனிப் பெயராகப் பிரித்துப் பாருங்கள்.

433, 866, 1201, 2402னு நம்பர் போட்டிருக்காங்களே, அதெல்லாம் என்ன?

கார்டும் ரவுட்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உச்ச வேகம், நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கில். வைஃபை 5, 6, 7 என்பவை அடுத்தடுத்த தலைமுறைகள். வைஃபை 5-இல் ஒரு ஆன்டெனா கார்டுக்கு 433, இரண்டு ஆன்டெனாவுக்கு 866 அல்லது 867. வைஃபை 6-இல் இரண்டு ஆன்டெனா, சாதாரண 80 மெகாஹெர்ட்ஸ் சேனல் என்றால் 1201. சேனல் அகலம் இரட்டிப்பாகி 160 ஆனால் 2402.

இந்த எண் அப்படியே கைக்கு வராது. பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே நல்ல நிலைமை. 433 என்று காட்டும் கார்டில் ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் இருநூற்றைம்பதைத் தாண்டுவது பெரும்பாடு.

2402 வேண்டுமென்றால் கார்டு மட்டும் போதாது, ரவுட்டரும் 160 மெகாஹெர்ட்ஸில் பேச வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் அந்த அகலத்தில் ஒரு பகுதி ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் அலைவரிசை. அதனால் ரவுட்டர் முதலில் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டு, ரேடார் இல்லை என்று உறுதிசெய்த பிறகே பேசத் தொடங்கும். ரீஸ்டார்ட் செய்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் சற்று நேரம் காணாமல் போனால் பதற வேண்டாம்.

என்னோடது 100 எம்பிபிஎஸ் பிளான். கார்டு மாத்தறதுல ஏதாவது பிரயோஜனம் இருக்கா?

வேகத்துக்காக என்றால் இல்லை. மேலே சொன்ன 433 கார்டே நூறைத் தாராளமாகத் தாங்கும். 300 பிளானில் ஒரு ஆன்டெனா கார்டு திணறத் தொடங்கும். 500 பிளானுக்கு அது நிச்சயம் போதாது.

இன்னொன்று: விலை குறைந்த டூயல் பேண்ட் ரவுட்டர்கள் பலவற்றில் பின்னால் இருக்கும் வயர் போர்ட்டே 100 மெகாபிட்தான். பெரிய பிளான் எடுத்து, புதுக் கார்டும் மாட்டிவிட்டு, "தொண்ணூத்தஞ்சுக்கு மேல ஏற மாட்டேங்குது" என்று வருபவர்களின் கதை பெரும்பாலும் அங்கேதான் முடிகிறது.

வீட்டிலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கோ, ஹார்ட் டிஸ்க் சர்வருக்கோ பெரிய ஃபைல்களைக் கடத்துபவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்கு பிளான் வேகம் கணக்கில்லை, லிங்க் வேகம்தான் கணக்கு.

பெட்ரூம்ல சிக்னல் ஒரு கட்டைதான். நல்ல கார்டு போட்டா ஏறுமா?

பெரிதாக ஏறாது. சிக்னலைத் தடுப்பது இடையில் இருக்கும் கான்கிரீட் சுவரும் இரும்பு பீரோவும். ஆன்டெனா உங்கள் லேப்டாப்பின் பழைய ஆன்டெனாவே. ஒரு ஆன்டெனா கார்டிலிருந்து இரண்டுக்குப் போனால் ஓரளவு நிதானம் கிடைக்கும், அவ்வளவுதான். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து நடுக் கூடத்தில், தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். கார்டுக்குப் போகும் பணத்தை, வைஃபையைப் பரப்பும் இன்னொரு பெட்டியில் (ஆக்சஸ் பாயின்ட்) போடலாம்.

வேகம் பரவாயில்ல, ஆனா மீட்டிங் நடுவுல பொட்டுனு கட் ஆகுது. அதுக்கு?

இதுதான் கார்டு மாற்ற நியாயமான காரணம். ஆனாலும் முதலில் டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள். லேப்டாப் தயாரித்த கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை இறக்கிப் போடுங்கள். சிப் தயாரித்தவரின் புது டிரைவர் கிடைத்தால் அதையும் முயலலாம். சில சமயம் அடுத்த டிரைவர்தான் தொந்தரவே கொடுக்கும், அப்போது முந்தையதற்குத் திரும்புங்கள்.

டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கணினி இதை அணைக்கலாம் என்ற அனுமதியை எடுத்துவிடுங்கள். இரண்டையும் செய்து ஒரு வாரம் பார்த்த பிறகும், போன் கட் ஆகாத நேரத்தில் லேப்டாப் மட்டும் கட் ஆகிறதென்றால் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

சரி, மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டேன். என் லேப்டாப்ல மாத்த முடியுமா?

இது மாடலைப் பொறுத்தது. மெல்லிய மாடல்கள் பலவற்றில் வைஃபை சிப்பை மதர்போர்டிலேயே கழற்ற முடியாதபடி சால்டர் (பற்றவைப்பு) செய்துவிடுகிறார்கள். இப்போதைய மேக்புக்குகளில் மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. இன்டெல் கார்டுகளில் ஒரு குறிப்பு உண்டு: எண்ணின் கடைசியில் என்ஜிடபிள்யூ என்று வந்தால் கழற்றக்கூடிய கார்டு, டி2டபிள்யூ என்று வந்தால் சால்டர் செய்தது. டிவைஸ் மேனேஜரில் இந்த வால் எப்போதும் தெரியாது.

நம்பகமான வழி, உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல். டெல், ஹெச்பி, லெனோவா மூன்றும் தங்கள் மாடல்கள் பலவற்றுக்கு அதைப் பொதுவில் வைத்திருக்கின்றன. அதில் வைஃபை கார்டைக் கழற்றும் படம் தனியாக இருந்தால் மாற்றலாம். மதர்போர்டோடு சேர்த்தே சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 ரெண்டும் ஒண்ணுதானே? எது மலிவோ அத வாங்கிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வையுங்கள். இரண்டும் இன்டெல் வைஃபை கார்டுகள், வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி மாதிரி. ஸ்லாட்டிலும் அழகாக உட்காரும். ஆனால் உள்ளே வேலை வேறு.

ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை முழுமையான கார்டுகள். பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பொதுவான இணைப்பு வழியாக மதர்போர்டோடு பேசும். இன்டெல், ஏஎம்டி இரண்டு வகை பிராசசர் உள்ள லேப்டாப்களிலும் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை பாதிக் கார்டுகள். வைஃபையின் மூளைப் பகுதியை இன்டெல் தன் பிராசசர் பக்கமே வைத்துவிட்டு, ரேடியோ பகுதியை மட்டும் கார்டில் வைக்கும் ஏற்பாடு அது. சிஎன்விஐ என்று பெயர். மீதிப் பாதி இல்லாத லேப்டாப்பில் போட்டால் அங்கே கார்டு இருப்பதாகவே விண்டோஸ் காட்டாது. என் மைத்துனரின் ஏஎம்டி லேப்டாப்புக்கு அவசரத்தில் ஏஎக்ஸ்211 வாங்கி மாட்டிவிட்டு, கார்டு செத்துப்போய் வந்திருக்கிறது என்று விற்றவரோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டவன் நான். கார்டு மேல் தப்பில்லை.

சிஎன்விஐ-யிலும் தலைமுறைகள் உண்டு. ஏஎக்ஸ்211-ஐ எல்லா இன்டெல் பிராசசரிலும் போட முடியாது, 12-ஆம் தலைமுறையிலிருந்துதான் அதைத் தைரியமாகப் போடலாம். மறுபக்கமும் ஒரு கண்ணி இருக்கிறது: சில இன்டெல் லேப்டாப்களின் ஸ்லாட்டில் சிஎன்விஐ இணைப்பை மட்டும் கொடுத்து, பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பை விட்டிருப்பார்கள். அங்கே ஏஎக்ஸ்210 வேலை செய்யாது. உங்கள் மாடலில் யாராவது போட்டு ஓடியிருக்கிறதா என்று தேடிப் பார்த்து வாங்குவதுதான் நல்லது. இல்லையென்றால் திருப்பித் தர வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள்.

என்னோடது ஏஎம்டி ரைசன். எனக்கு எது?

வைஃபை 6ஈ (வைஃபை 6-உடன் 6 கிகாஹெர்ட்ஸ் பேண்டும் சேர்ந்தது) போதுமென்றால் ஏஎக்ஸ்210. மீடியாடெக்கின் எம்டி7922-உம் சரிப்படும், ஏஎம்டி லேப்டாப்களில் அதுவே ஆர்இசட்616 என்ற பெயரில் வருகிறது. ஏற்கெனவே அது இருந்து, தொந்தரவு இல்லாமல் ஓடுகிறதென்றால் மாற்றக் காரணமில்லை.

மாத்தறதே மாத்தறோம், வைஃபை 7-ஏ போட்டுடலாமா?

வீட்டில் வைஃபை 7 ரவுட்டர் இருக்கிறதா? இல்லையென்றால் புதுக் கார்டு பழைய ரவுட்டரின் வேகத்துக்கு இறங்கிப் பேசும், அவ்வளவுதான். விண்டோஸ் 11-இலும் 24ஹெச்2 பதிப்பிலிருந்துதான் வைஃபை 7 முறையாக வருகிறது. இன்டெல் பிஇ200 பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுதான் என்றாலும், இன்டெல் கணினிகளுக்கு மட்டும் என்று இன்டெல்லே சொல்லிவிட்டது. பல ஏஎம்டி லேப்டாப்களில் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஏஎம்டி-யில் வைஃபை 7 வேண்டுமென்றால் குவால்காம் என்சிஎம்865, மீடியாடெக் எம்டி7925 பக்கம் போக வேண்டும்.

6ஈ, 7 இரண்டின் பெரிய கவர்ச்சியே 6 கிகாஹெர்ட்ஸ் பேண்ட். அமெரிக்கா 2020-இல் 5925 முதல் 7125 வரை 1200 மெகாஹெர்ட்ஸை மொத்தமாகத் திறந்துவிட்டது. இந்தியாவில் 2025 மே மாதம் வந்த வரைவு விதிகள் 5925 முதல் 6425 வரை 500 மெகாஹெர்ட்ஸைத்தான் பேசின. வைஃபை 7 பெருமையாகச் சொல்லும் 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் அதில் ஒன்றே ஒன்றுதான் அடங்கும். தவிர, 6 கிகாஹெர்ட்ஸுக்கு டபிள்யூபிஏ3 பாதுகாப்பு கட்டாயம், விண்டோஸ் 10-இல் அந்த பேண்ட் வராது. லேப்டாப் ஆன்டெனா 2.4, 5 இரண்டுக்கு மட்டும் செய்ததாக இருந்தால் 6 கிகாஹெர்ட்ஸில் சுமாராகத்தான் பிடிக்கும். என் கணக்கில் இன்றைக்கு ஏஎக்ஸ்210 போதும்.

திறந்து பாத்தா உள்ள ஒரே ஒரு வயர்தான் இருக்கு!

ஒரு ஆன்டெனா லேப்டாப்களில் அப்படித்தான் இருக்கும். இரண்டாவது வயர் டேப்புக்கு அடியில் சும்மா சுருண்டு கிடக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், சில மாடல்களில் கிடக்கும். இல்லையென்றால் ஒட்டக்கூடிய ஆன்டெனா தனியாகக் கிடைக்கிறது. அதைத் திரை ஓரம் வரை இழுக்கத் திரையைப் பிரிக்க வேண்டும். புது லேப்டாப்பில் அந்த வேலையை நான் செய்ய மாட்டேன்.

வாரன்டி போயிடுமா?

கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வித்தியாசம். சிலர் வைஃபை கார்டை வாடிக்கையாளரே மாற்றக்கூடிய பாகமாக மேனுவலில் போட்டிருப்பார்கள். சிலர் ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். போனில் சொன்னது நாளைக்குச் செல்லாது. வாங்கிச் சில நாள்தான் ஆகியிருக்கிறது, வைஃபை உண்மையிலேயே கட் ஆகிறதென்றால், நீங்கள் ஏன் உங்கள் காசில் கார்டு வாங்க வேண்டும்? அவர்களையே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கம்பெனி அனுமதிச்ச கார்டைத்தான் லேப்டாப் ஏத்துக்கும்னு சொல்றாங்களே?

பழைய கதை, ஆனால் உண்மைக் கதை. பழைய திங்க்பேட்களில் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் 1802 என்ற பிழையைக் காட்டி பூட் ஆகாமல் நின்றுவிடும். ஹெச்பி-யிலும் அப்படிப் பட்டியல் வைத்த காலம் இருந்தது. இப்போது வரும் லேப்டாப்களில் இதை நான் பார்ப்பது மிக அரிது. செகண்ட் ஹேண்டில் பத்து வருஷப் பழசு வாங்கியவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

நானே மாட்டலாமா, கடைக்குத்தான் போகணுமா?

ரேம் மாற்றிய அனுபவம் இருந்தால் நீங்களே போதும். முதலில் புதுக் கார்டின் டிரைவரை ஒரு பென் டிரைவில் இறக்கி வையுங்கள். பலரும் இதை மறந்துவிட்டு, மாட்டிய பிறகு நெட் இல்லாமல் விழிப்பார்கள். அப்படி ஆனால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, டெதரிங் போட்டு போனின் நெட்டையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே கைவைக்கும் முன் வயர்கள் இருக்கும் நிலையை ஒரு போட்டோ எடுங்கள். வயர்களைக் கழற்றிவிட்டு (எப்படி என்று கீழே சொல்கிறேன்) ஸ்க்ரூவை எடுத்தால் கார்டு சாய்ந்து எழும்பும், அப்படியே இழுத்தால் வந்துவிடும்.

கஷ்டமான இடம் வயர் முனைதான். கடுகு அளவு பொத்தான். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல், முனையின் அடியில் மெல்ல நெம்பி நேராக மேலே தூக்க வேண்டும். மாட்டும்போது சரியாக நடுவில் வைத்து, விரலால் அசைத்துப் பார்த்துப் பொருந்திய பிறகு நேராக அழுத்துங்கள், சின்னதாக ஒரு கிளிக் கேட்கும். சாய்வாக அழுத்தினால் பொத்தான் நசுங்கும், அதோடு அந்த வயரின் கதை முடிந்தது. அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காகச் செய்த பொருள் இல்லை இது. கறுப்பு, வெள்ளை வயர்கள் இடம் மாறினால் கார்டு எரிந்துவிடாது, ஆனாலும் போட்டோவில் இருந்தபடியே போடுங்கள். கண்ணுக்கு அருகில் வைத்துப் படிக்கக் கண்ணாடி தேவைப்படுபவர்கள் கடைக்கே போய்விடுங்கள், நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

மாட்டியாச்சு. வைஃபை வருது, புளூடூத்தைக் காணோம்.

ஒரே கார்டு என்றாலும் புளூடூத் உள்ளுக்குள் யூஎஸ்பி வழியாகப் போகிறது, அதற்கு டிரைவரும் தனி. அதைப் போட்டுவிட்டு, முந்தைய பதிலில் சொன்ன ஷிப்ட் கீ முறையில் ஒரு தடவை முழுதாக அணைத்துப் போடுங்கள். ஹெட்செட், மவுஸ் எல்லாவற்றையும் புதிதாக இணைக்க வேண்டியிருக்கும்.

ஹாஸ்டல் வைஃபைல மட்டும் சேரவே மாட்டேங்குது. பழைய கார்டுல சேந்துச்சே?

ஒவ்வொரு கார்டுக்கும் மேக் அட்ரஸ் என்று தனி எண் உண்டு. பழைய எண்ணைத்தான் அவர்கள் பதிந்து வைத்திருப்பார்கள். புது எண்ணைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். அலுவலக நெட்வொர்க்குகளிலும் இதே கதைதான்.

நான் லினக்ஸ்ல இருக்கேன். ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு, லினக்ஸ்காரர்களுக்குத்தான் கார்டு மாற்ற அதிகக் காரணம் இருக்கிறது. ஏஎக்ஸ்210 கெர்னல் 5.10 முதல் தானாகவே ஓடும். மீடியாடெக் எம்டி7921 என்றால் 5.12, ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ என்றால் 6.2. கெர்னல் அதைவிடப் பழையது என்றால் முதலில் கெர்னலை ஏற்றுங்கள், அதற்குச் செலவில்லை. கார்டு பற்றி ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 கேள்வியில் சொன்னது இங்கும் அப்படியே.

இவ்வளவு வம்பு எதுக்கு, யூஎஸ்பி டாங்கிள் போதாதா?

யூஎஸ்பி போர்ட்டில் வெளியே செருகும் வைஃபை கருவிதான் டாங்கிள். சால்டர் செய்த லேப்டாப்புக்கு அதுதான் வழி. நகம் அளவு டாங்கிளை வாங்காதீர்கள், அதில் ஆன்டெனாவுக்கே இடமில்லை. யூஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும் என்று 2012-லேயே இன்டெல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதனால் டாங்கிளை 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுங்கள், அல்லது ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுத் தள்ளி வையுங்கள். மேஜையை விட்டு நகராத லேப்டாப் என்றால் யூஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கிக் கேபிளிலேயே ஓட்டுங்கள். என் லேப்டாப் அப்படித்தான் ஓடுகிறது.

கழட்டின பழைய கார்டை என்ன பண்றது?

தூக்கிப் போடாதீர்கள், விற்கவும் வேண்டாம். ஒரு கவரில் போட்டு, மேலே லேப்டாப் மாடலையும் தேதியையும் எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கே கீபோர்டு போய் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டி வந்தால், அதை மாட்டித்தான் அனுப்ப வேண்டும்.